அலுமாரி மேல்தட்டு வெள்ளைப் புடவை

திருகோணமலை,
9.12.1957

கண்ணியமுள்ள மச்சான் ஸெய்னுதீன் ஹாஜியார் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை ஸுல்பிகாவின் புருஷன் கலீலுர் றஹ்மான் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவில் மை ஊற்றினேன். பொய்யில் தொடங்கிய வியாபாரம் நிலைக்காது என்பது தாங்கள் எனக்குச் சொன்ன புத்தி. ஆகையால் அந்த வரியைத் தாண்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் கடிதம் இன்று மத்தியானம் கிடைத்தது. நெஞ்சுக்குத்து கூடிவிட்டதென்றும், ஹஜ்ஜுக்குப் போனபோது, கண்ணை மூடினபின் உடம்பில் சுற்ற என்று மக்கத்தில் வாங்கி ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து, என்னை நம்பி என் வீட்டு அலுமாரியில் அமானிதமாக வைத்த கபன் புடவையை இனித் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ள விருப்பமென்றும், வெள்ளிக்கிழமை லாஞ்சில் வந்து எடுத்துப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூதூர் வீட்டில் கறையான் என்று பயந்துதான் என்னிடம் தந்தீர்கள். என் வீட்டில் கறையான் இல்லை மச்சான், ஆனால் தங்கள் தங்கை இருக்கிறாள், அவளிடம் ஒரு கத்தரிக்கோலும் இருக்கிறது. தங்கள் கபன் இப்போது ஒரு போர்வை. முழுதாகச் சொன்னால், ஒரு போர்வை, ஒரு கேத்தல் உறை, அடுப்பில் சட்டி பிடிக்கிற துணி நாலு.

கோபப்பட முதல் நடந்ததைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகிறபோது சீனன்குடாப் பக்கம் ஏலத்தில் ஒருவரும் தொடாத மூட்டை ஒன்றை நான் எடுத்தேன். கப்பலில் கட்டுகிற கொடிகள், காக்கித் துண்டுகள், திரைச்சீலைத் துண்டுகள். சட்டைக்கும் உதவாது, சாறத்துக்கும் உதவாது. மாரி தொடங்கிவிட்டது, கடைக்கு ஈ காக்காய் இல்லை, மூட்டை மட்டும் குந்திக்கொண்டு என்னைப் பார்க்கிறது. அடுத்த வீட்டு யோகம்மாதான், "முதலாளி, இதையெல்லாம் சதுரஞ் சதுரமா வெட்டிப் பொருத்தி, நடுவில பஞ்சு வைச்சுத் தைச்சா மழைக்குப் போர்வையாகும், நிலாவெளிக்குக் காத்து வாங்க வாற துரைமார் கொத்திக்கொண்டு போவினம்" என்று வழி சொன்னவ. அடுத்த நாளே அவவும் ஸுல்பிகாவும் கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் வண்ணப் பென்சிலால் படம் கீறி, அகலத்துக்கு ஒன்பது கட்டம், நீளத்துக்குப் பன்னிரண்டு, சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் வரக்கூடாது, மூலையில் நீலம்தான் வரவேண்டும் என்று இரண்டு நாள் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையில் இந்த வீட்டில் சோறு வடித்தவன் நான்.

மேலுக்குக் கொடித்துண்டு ஆயிற்று, நடுவுக்கு இலவம்பஞ்சு ஆயிற்று. அடித்துணிக்கு மெத்தென்ற வெள்ளை வேண்டும் என்று ஸுல்பிகா அலுமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் பழுப்புக் கடதாசியில் சுற்றி மூன்று வெள்ளைத் துண்டு கிடந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டத்தான் செய்தாள். நான் இரண்டு விரலுக்குள் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "அருமையான புடவை, வெட்டு" என்றேன். பிழை அங்கேதான். முப்பது வருஷம் புடவை விற்றவன் புடவை எப்படிப்பட்டது என்று பார்ப்பானே ஒழிய, அது ஆருடையது என்று பார்க்கமாட்டான். நீளத்தை அப்படியே விட்டு, அகலத்தில் மிஞ்சியதைக் கத்தரித்து அந்தச் சின்னச் சாமான்களைத் தைத்தார்கள்.

தைத்து முடித்த மறுநாள் காலை பார்த்தால், மேலே கொடிச் சதுரங்களைப் பொருத்திய தையல் எல்லாம் இரும்புபோல் நிற்கிறது. வெள்ளைக்குள் இறங்கிய தையல் ஒன்றுகூட இல்லை. நூல் அறவில்லை மச்சான், அறுந்தால் துண்டு துண்டாகக் கிடக்கும். முழு நூலாகக் கழன்று, பாயில் ஒரு சின்னக் கூடுபோலச் சுருண்டு கிடந்தது. நான் நேரே நூல் வாங்கிய இரத்தினசிங்கத்தின் கடைக்குப் போய், "உக்கின நூலைத் தந்து ஏமாத்திப் போட்டீரே, ஐசே" என்று சந்தி கேட்கக் கத்தினேன். அந்த மனிதர் அதே நூலால் என் சட்டைப் பொத்தானைத் தைத்துவிட்டு, "இழுத்துப் பாரும்" என்றார். சட்டை கிழிந்தது, நூல் அறவில்லை. மூன்று தரம் தைத்தார்கள், மூன்று தரமும் கழன்றது. நாலாம் தரம் எல்லாவற்றுக்கும் நான் மெழுகு பூசிய பாய்மர நூல் கொடுத்தேன். அது மட்டும் தாங்கியது, தாங்கியதும் நல்லதற்கில்லை.

கேத்தல் உறை எதற்கு? தேத்தண்ணி ஆறாமல் இருக்க. கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்து, ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் ஊற்றினால் கிணற்றுத் தண்ணீராக வருகிறது. யோகம்மாவுக்குக் கொடுத்த சட்டித்துணியை அவ மறுநாளே படலைக்கு மேலால் எறிந்தா. "முதலாளி, சோத்துப் பானையைப் பிடிச்சனான், சூடே தெரியேல்ல, நல்ல சாமான் எண்டு சந்தோசப்பட்டன். பிறகு பாத்தா மத்தியானம் மட்டும் கையே இருக்கிறது தெரியேல்ல" என்றா. ஸுல்பிகா அவவின் கையைத் தொட்டுவிட்டு, குளிர்ந்துபோய்க் கிடக்கிறது என்றாள். கேத்தலில் இருந்த தேத்தண்ணி நினைவுக்கு வந்தது.

சாமானைத் தானே பாவித்துப் பார்க்காமல் விற்கிறவன் வியாபாரியில்லை. ஞாயிறு பகல், சாப்பாட்டுக்குப் பிறகு, மழை கொட்டுகிறது, போர்வையை இழுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தேன். எனக்கென்றே தைத்ததுபோல், தலைக்கு மேலே ஒரு சாண், காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு அளவாக இருந்தது. எப்போது திரும்பினேன் என்று தெரியாது, பார்த்தால் மல்லாந்து நேராகக் கிடக்கிறேன், கால் பெருவிரல் இரண்டும் ஒட்டியிருக்கிறது, வலக்கை இடக்கைக்கு மேலே. கண் திறக்க ஏலாது, வாய் திறக்க ஏலாது, காது மட்டும் கேட்கிறது. குசினிப் பக்கம் இரண்டு பெண்கள் பேசுகிறார்கள். "நல்ல மனுசன்தான்." "ஓம், நல்ல மனுசன். கொஞ்சம் கைப்பிடி, காசு இறங்காது." "என்னத்தைக் கொண்டு போனார், பாவம்." மச்சான், கைப்பிடி என்றதைக் கேட்டுக் கோபம் வந்தபடியால்தான் நான் எழும்பினேன், இல்லாவிட்டால் எழும்பியிருக்கமாட்டேன். குசினிக்குப் போனால் அங்கே ஒருவருமில்லை. ஸுல்பிகா முன்வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை, மௌத்தான பெண்களைக் குளிப்பாட்டிக் கபனிடுகிற ஆமினா உம்மா மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் வந்தா. கட்டிலில் கிடந்த போர்வையைப் புரட்டினா, முகர்ந்தா, உடனே கையை எடுத்தா.

"மகன், இத ஆரு தைச்ச?"

"ஸுல்பிகாதான், உம்மா. மூணு தரம் கழண்டு, நாலாந்தரம்தான் நிண்ட. நல்லா இரிக்கா?"

"இது கபன் புடவ. மூணு துண்டு, ஆம்புளைக்கு. கபன்ல தையல் கூடாதெண்டு தெரியாதா உங்களுக்கு? அது உங்களுக்குச் சொல்லிச் சொல்லிக் கழண்டிரிக்கு, நீங்க பாய்மர நூலால கட்டி வச்சிரிக்கீங்க!"

அப்போதுதான் தங்கள் பொதி எனக்கு ஞாபகம் வந்தது. ஸுல்பிகா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். ஆமினா உம்மா சாண்போட்டு அளந்து, "ஆருக்கு வாங்கின?" என்றா. தங்கள் பேரைச் சொன்னேன். "அந்த நெட்டை ஆளுக்கு இது காணாதே" என்றா. உண்மைதான், நீங்கள் ஆறடி ஆள். மச்சான், ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள்: மக்கத்துக் கடைக்காரனும் கடைக்காரன்தான். நீங்கள் துஆக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பீர்கள், அவன் முழத்தில் விழுங்கியிருப்பான். என்னைக் கூட்டிப்போயிருந்தால் இது நடந்திராது.

எப்படியானாலும் அமானிதத்தைக் கெடுத்தவன் நான். அதைத் தாங்கள் மன்னிக்காமல் கண்ணை மூடினால் மறுமையில் என் நிலை என்ன? அதனால் கேட்கிறேன், வெள்ளிக்கிழமை வரவேண்டாம். இன்னும் இரண்டு கிழமை, பதினாலே பதினாலு நாள், தாருங்கள். இந்த முறை ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களிடம் சொல்லிப் புதுப் புடவை எடுப்பித்து, என் கையாலேயே முழம் போட்டுத் தங்கள் காலடியில் வைத்து மன்னிப்புக் கேட்கிறேன். அதுமட்டும் தாங்கள் எப்படியாவது தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் மௌத்தாகி என்னை அவமானப்படுத்திவிடாதீர்கள்.

நெஞ்சுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வீட்டிலுள்ள எல்லாருக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக. முக்கியமாக இந்த இரண்டு கிழமையையும்.

தங்கள் அன்பு மச்சான்,
கலீலுர் றஹ்மான்

பி.கு: கடிதத்தை லாஞ்சுக்காரர் முஹம்மது தம்பியிடம் கொடுக்க மடித்துவிட்டுத் திரும்பவும் பிரித்தேன். ஸுல்பிகா அழுதுகொண்டே அலுமாரி முழுவதையும் இறக்கினாள். கீழ்த்தட்டில், குர்ஆன் பெட்டிக்குப் பின்னால், தங்கள் பொதி இருக்கிறது. தங்கள் கையெழுத்து, தாங்கள் போட்ட முடிச்சு, தாங்கள் ஒட்டிய அரக்கு, ஒன்றும் கலையவில்லை. ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பையும், மக்கத்துக் கடைக்காரனைப் பற்றி எழுதியதையும் வாபஸ் வாங்குகிறேன். மேல்தட்டுப் புடவையை வைத்தது தானில்லை என்று ஸுல்பிகா சத்தியம் பண்ணுகிறாள். நானுமில்லை. ஆமினா உம்மா, "மகன், செவரோட நேரா நில்லுங்க" என்று சொல்லி எனக்குப் பக்கத்துச் சுவரில் சாண்போட்டா. உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை, கபனுக்கு முடிச்சுப் போட மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண். அந்த மேல்தட்டுப் புடவையின் நீளமேதான், ஒரு விரல் கூடவுமில்லை, குறையவுமில்லை. கட்டிலில் போய்ப் பார்த்தோம். பாய்மர நூல் கூடாகச் சுருண்டு கிடக்கிறது, கொடித்துண்டுகள் ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம். கேத்தல் உறையிலும் சட்டித்துணியிலும் வெள்ளை இல்லை. மூன்று துண்டும் முழு அகலத்தில், கத்தரி பட்ட அடையாளமே இல்லாமல், விரித்துக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்றதை அடித்துவிடுங்கள் மச்சான். நாளைக் காலை முதல் லாஞ்சில் வாருங்கள்.