முரண்டு பிடித்த கசடு

கருவி முதலில் அறுநூறு என்று காட்டியது. தேவிகா இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். நானூற்றைம்பது என்றது.

"ஏம்மா, ஒரே வாளி, ஒரே கசடு. அதுக்கு ரெண்டு நம்பரா?" என்றார் மேனேஜர் முத்துக்குமரன்.

மதுரைக்குத் தெற்கே, வில்லாபுரத்தையும் தாண்டி இருந்தது அந்தக் கழிவுநீர் நிலையம். ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் பண்ணி, தண்ணீரையெல்லாம் பிழிந்து எடுத்தால் கறுப்பாய், கெட்டியாய்க் கசடு மிஞ்சும். அதைக் குழாய் வழியே காயப்போடும் களத்துக்குத் தள்ள வேண்டிய பழைய பம்ப், ஒரு வாரமாக உறுமுகிறதே தவிர ஒரு கைப்பிடி தள்ளவில்லை. கசடு எவ்வளவு கெட்டி என்று உறுதியாக ஒரு நம்பர் கொடுத்தால் தலைமை அலுவலகம் புது பம்ப் தரும். இல்லையென்றால் இந்தப் பிரிவையே இழுத்து மூடிவிடும். மூடினால் முதலில் வீட்டுக்குப் போவது ஒப்பந்தத்தில் இருக்கிற தேவிகாதான்.

அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. அப்பா ராமதாஸ் வில்லாபுரம் முழுக்க "மக ஆராய்ச்சி பண்றா" என்று சொல்லி வைத்திருந்தார். எதை என்று யாராவது கேட்டால் மட்டும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். அவளோ, நாலு இறக்கை வைத்த கம்பியைக் கசடுக்குள் இறக்கிச் சுற்றி, அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று கருவியில் பார்ப்பதை ஆசையாகத்தான் செய்தாள்.

"சார், இதுவும் சாம்பார் மாதிரிதான். அடியோட கலக்காம ஊத்துனா ஒருத்தருக்கு வெறுந்தண்ணி, இன்னொருத்தருக்கு வெறும் பருப்பு. நல்லாக் கலக்கிட்டு அளந்தா சரியா வந்துரும்."

"சாம்பார ஏம்மா இதுக்குள்ள இழுக்குற? நான் வீட்டுக்குப் போயி சாப்பிட வேணாமா? சரி, கலக்கித் தொலை. மூணு மணிக்குத் தலைமை அலுவலகத்துலருந்து கிரிதரன் சார் வாரார்."

கலக்கினாள். முந்நூறு.

வாளிதான் சரியில்லை என்று, பம்புக்குப் போகும் கசடு சேர்ந்து கிடக்கும் தொட்டிக்கே போனாள். களத்தில் வேலை பார்க்கும் சீனியம்மாள், கசடு வராததால் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டாள்.

"அக்கா, இந்தத் தொட்டிய அடியோட புரட்டிவிடணும்."

"அம்புட்டையுமா? இதென்ன கேப்பைக் களியா தாயி, கிண்டுறதுக்கு?"

"என் வேலையே இதுலதான்க்கா இருக்கு."

பாவம், சீனியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியால் புரட்டினாள். இடுப்பு விட்டுப்போச்சு என்று அவள் களத்துக்குத் திரும்பியதும், கரண்டு மிச்சம் பிடிக்க அணைத்தே வைத்திருந்த கலக்கும் மோட்டாரையும் தேவிகா போட்டுவிட்டாள். இப்போது கருவி நூற்றிருபது என்றது.

முத்துக்குமரன் ஓடி வந்தார். "காலையில கல்லு, மத்தியானம் களி, இப்பக் கஞ்சியா? எவனோ தண்ணி ஊத்துறான்!"

"யாரும் ஊத்தல சார்."

"ஊத்தாம எப்படி எளகும்? எங்கிட்டயேவா?" என்று மெயின் தண்ணீர்க் குழாயைப் பூட்டி, சாவியை எங்கேயோ பத்திரமாக வைத்தார். எவ்வளவு பத்திரம் என்றால், பிறகு அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கிரிதரன் வந்தார். வந்தவர் வணக்கம் சொல்லிக்கொண்டே கசடு வாளிக்குள் காலை விட்டார். கழுவத் தண்ணீர் இல்லை. வாசல் பெட்டிக்கடையில் பன்னீர் சோடா வாங்கிவந்து காலைக் கழுவிவிட்டார்கள். வாடை போகவில்லை, ஈ மட்டும் கூடுதலாக வந்தது.

"இந்தப் பம்ப் தள்ளாதுங்கறத நீங்களே பாத்துருங்க சார்," என்று முத்துக்குமரன் பழைய பம்பைப் போட்டார். அது உறுமியது. "கேட்டீங்களா? வெறும் சத்தந்தான்! ஓடட்டும், உள்ள வாங்க, ஃபேனுக்குக் கீழ பேசுவோம்."

உள்ளே கிரிதரன் ஈயை விரட்டிக்கொண்டே கேட்டார். "அறுநூறா, நூத்திருபதா?"

"காலையில அறுநூறு சார். இப்ப நூத்திருபது. ரெண்டுமே நெசந்தான்."

"செருப்புக்குக்கூட ஒரு சைஸ்தானம்மா இருக்கும்?"

முத்துக்குமரன் அவள் காதோரம் குனிந்தார். "நடுவுல ஏதாச்சும் ஒண்ணச் சொல்லிரு தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஒரு நிமிஷம் அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மாசச் சம்பளம், அப்பாவின் பெருமை எல்லாம் கண்முன் வந்து நின்றன. "காட்டாத நம்பர நான் எப்படி சார் சொல்றது?" என்றாள்.

கிரிதரன் எழுந்தார். "அப்பப் புது பம்ப் கெடையாது. இந்த மாசத்தோட பிரிவ மூடிருவோம். தப்பா நெனைக்காதீங்கம்மா."

தேவிகா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். முத்துக்குமரன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இனி யாரைத் திட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை.

கதவு படாரென்று திறந்தது. முழங்கால் வரை கறுப்பாக, மூச்சிரைக்க சீனியம்மாள் நின்றாள்.

"ஏ தாயி, கலக்குனது போதும், மொதல்ல அந்தப் பம்ப நிப்பாட்டச் சொல்லு! அங்கன களம் நெறஞ்சு கரை மேல வழியுது, இம்புட்டுக் கசட நான் ஒருத்தி எங்கிட்டுக் கொண்டுபோயிக் கொட்டுறது?"