முன்பக்க இடது தோள் சம்பந்தமாக

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
ஜூன் 16

மரியாதைக்குரிய பெரிய மச்சான் திரு. பெலிக்ஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை டெய்சியின் கணவன் காஸ்பர் எழுதுவது. இங்கே டெய்சி சுகம், இரண்டு ஆடுகளும் சுகம், வலது முழங்காலை விட்டுவிட்டால் நானும் சுகம். அங்கே தாங்களும் வெரோனிகா அக்காவும் சுகமாக இருப்பீர்கள். கேட்பதுதான் மரியாதை என்பதால் கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டீர்கள். போன் போட்டால் பாதி மணியிலேயே கட்டாகிறது. தபால்காரர் ஒருவரைத்தான் தாங்கள் இன்னும் பிளாக் செய்யவில்லை. ஆகவே தபால்.

நடந்தது முழுக்க உங்களுக்குத் தெரியாது. தெரிந்த பகுதியையும் சேர்த்தே எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், முன்விவரம் இல்லாமல் எந்தக் கோப்பையும் மேலே அனுப்பியதில்லை.

போன வருடம் அந்தோணியார் திருநாள். நம்மூர்ச் சப்பரத்தை எட்டுப் பேர் தோளில் சுமப்பார்கள். அதில் முன்பக்க இடது தண்டு எங்கள் வீட்டுக்கு உரியது. என் நைனா சுமந்தார், அவருக்குப் பிறகு நான் சுமந்தேன். ஓய்வு பெற்ற வருடம் என்பதால் புது வேட்டி கட்டிக்கொண்டுதான் தண்டுக்குத் தோள் கொடுத்தேன். கோயிலிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை சரியாக வந்தேன். அதற்குப் பிறகு தோள் நடுங்கியது, முழங்கால் மடங்கியது, அந்தோணியார் என் பக்கமாகச் சாய்ந்து கையிலிருந்த குழந்தை சேசுவோடு என்னைக் குனிந்து பார்த்தார். கூட்டம் கத்தியது. அப்போது தாங்கள், திருநாள் கமிட்டித் தலைவர் என்ற முறையில், ஓடி வந்து தண்டை என் தோளிலிருந்து எடுத்தீர்கள். எடுத்தது தப்பில்லை. வாயைத் திறந்ததுதான் தப்பு.

"மாப்ளே, தள்ளிக்கோ. அந்தோணியார் வுழுந்துட்டா ஊருக்கே ஆவாது. நீ போயி பொம்பளைங்களோட மெழுகுவத்தி புடி."

ஊரே கேட்டது. எண்பத்திரண்டு வயது ராயம்மாள் பெரியம்மா தன் மெழுகுவர்த்தியை எனக்குக் கொடுத்து, "வாடா காஸ்பரு, எம்பக்கத்துலயே வா, மெதுவாப் போவலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காட்சியை யாரோ வீடியோ எடுத்து குடும்பக் குழுவில் போட, நீங்கள் அதற்குக் கீழே கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டீர்கள். நான் நாலு வரி எழுதினேன். அந்த நாலு வரி தடித்த வார்த்தைதான், ஒத்துக்கொள்கிறேன். பதினைந்து நிமிடத்தில் நான் குழுவில் இல்லை.

எட்டு மாதம் யோசித்தேன். பிப்ரவரியில் திருவண்ணாமலை சாலையில் உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜிம்மில் சேர்ந்தேன். பயிற்சியாளர் பெயர் விமல்ராஜ். இருபத்தைந்து வயது, கழுத்தே இல்லை, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். நல்ல பிள்ளை. ஒரு படிவத்தை நீட்டி, "கோல் இன்னா சார்?" என்றான். நான் ஊன்றுகோலைக் கேட்கிறான் என்று நினைத்து, அதெல்லாம் இன்னும் வேண்டியதில்லை தம்பி என்றேன். பிறகுதான் குறிக்கோளைக் கேட்கிறான் என்று விளங்கியது. "சப்பரம் தூக்கணும்" என்றேன். அவன் படிவத்தை மேலும் கீழும் பார்த்தான். எடை குறைப்பு, சதை ஏற்றுதல், போலீஸ் தேர்வு, மணமகன் என்று நான்குதான் இருந்தது. "சார், நாலு மாசத்துல ஒரு பங்ஷன்னா நமக்கு மணமகன் பேக்கேஜ்தான்" என்று அதில் குறி போட்டு, அட்டையில் 'காஸ்பர், மணமகன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டான். அந்த அட்டையை யார் பார்த்தார்கள், யார் யாரிடம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் நீங்கள் டெய்சிக்குப் போன் செய்து, "இன்னாம்மா, மாப்ளைக்கு ரெண்டாங் கல்யாணமா?" என்று கேட்டது மட்டும் தெரியும். டெய்சி மூன்று நாள் எனக்குக் காபியில் சர்க்கரை போடவில்லை. உங்களுக்கு அது சிரிப்பு.

பயிற்சியின் கதையைக் கேளுங்கள். முதல் நாளே விமல்ராஜ் ஒரு அட்டவணை கொடுத்தான். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். ஒரு மனிதனை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து மேய்க்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் சேர்ந்தது வெள்ளிக்கிழமை என்பதால் முதலில் கால் வந்தது. சனிக்கிழமை காலை கழிப்பறையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் டெய்சியைக் கூப்பிட்டேன். ஞாயிறு பூசைக்கு நம்மூர் வரலாம் என்று பஸ் நிலையம் போனால் பஸ் படியில் கால் ஏறவில்லை. கண்டக்டர் என் இடுப்பைப் பிடித்து மூட்டையைப்போல உள்ளே ஏற்றினார். பூசையில் எல்லோரும் முழந்தாள்படியிட்டபோது நான் மட்டும் கொடிமரம்போல நின்றேன். அதையும் பார்த்தீர்கள். பக்தி குறைந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னீர்களாம்.

அடுத்த வாரம், அதே ஜிம்முக்கு வரும் குரு என்ற டிராக்டர் மெக்கானிக், என் அட்டவணையை வாங்கிப் பார்த்து, "இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு அண்ணே. நம்ம வயசுக்கு ஒரே நாள்ல மொத்த ஒடம்பும் பண்ணணும்" என்று வேறொன்று எழுதிக் கொடுத்தார். அதைச் செய்தேன். மொத்த உடம்பும் வலித்தது. பிறகு ரங்கநாதன் என்ற ஓய்வு பெற்ற தாசில்தார், ஒரு மெஷினில் உட்கார்ந்து தினமும் பேப்பர் படிப்பாரே தவிர அதை அசைத்து யாரும் பார்த்ததில்லை, அவர் என்னைக் கூப்பிட்டு, "வெயிட்டே தொடக்கூடாது, நடை ஒன்றே போதும்" என்றார். நடந்தேன். ஓடும் பட்டையில் நாற்பது நிமிடம் நடந்தும் எதிரே இருந்த சுவர் கிட்டே வரவில்லை. தங்கள் மகன் கிறிஸ்டோபர் குவைத்திலிருந்து ஒரு ஆப் அனுப்பினான். ஒரு பெண் குரல் என்னை, "சபாஷ் சாம்பியன், இன்னும் பத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சமையலறையிலிருந்து டெய்சி, "யாரு அவ?" என்றாள். நான்கு அட்டவணைகளையும் ஒரே கோப்பில் வைத்து, எதற்கும் முரண்படாமல் சிவப்பு மையில் ஐந்தாவது ஒன்று தயாரித்தேன். அதன்படி செவ்வாய்க்கிழமை முதுகுக்கு ஓய்வு, முதுகுக்கு வேலை இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. போதாக்குறைக்குத் தவக்காலம். விமல்ராஜ் கோழி சாப்பிடச் சொல்கிறான், டெய்சி நாற்பது நாளும் கவுச்சி கிடையாது என்கிறாள். கொண்டைக்கடலையிலேயே உடம்பைத் தேற்றினேன். அதன் பலனை ஜிம்மில் இருந்த அனைவரும் அனுபவித்தார்கள்.

ஏப்ரல் பாதிவரை ஒரு முன்னேற்றமும் இல்லை. ஒருநாள் காலை நான் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு எந்த உறுப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுமலதா என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், அவலூர்பேட்டைப் பக்கம் மாவுமில் வைத்திருக்கிறார். கணவர் இல்லை. மழையில் வழுக்கி விழுந்து கை முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு ஜிம்முக்கு வருகிறார். யாரோடும் பேச மாட்டார். அன்று அவரே வந்து கேட்டார்.

"நீங்க இன்னாத்த தூக்கணும்?"

"சப்பரம்."

"எந்தத் தோளு?"

"இடது."

"எவ்ளோ தூரம்?"

"ஊரைச் சுத்தி. ஒரு மைல் இருக்கும்."

"அப்ப அதத்தான செய்யணும். எதுக்கு இந்தப் பேப்பரு? தரையிலேர்ந்து தூக்குங்க, தோள்ல வைங்க, நடங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ. மத்த நாள் சும்மா இருங்க."

"நீங்க இன்னாத்த தூக்கணும்?" என்று நானும் கேட்டேன்.

"கோதும மூட்ட. அம்பது கிலோ. தூக்க முடியலன்னா ஆளு வைக்கணும். ஆளு வச்சா எங்கொழுந்தன்தான் வருவான். அவன் வந்தா மில்லு அவன்து."

அதோடு போய்விட்டார். முறிந்த கையில் ஐந்து கிலோ குண்டைத் தூக்கி, பல்லைக் கடித்து இறக்கி, மறுபடியும் தூக்கினார். மச்சான், நான் பத்து மாதம் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன், அந்த அம்மா யாரையும் திட்டாமல் எண்ணிக்கொண்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

கோப்பை மூடினேன். கீழே உரக்கடையில் பழைய சாக்கு வாங்கி, மணல் நிரப்பினேன். முதலில் பதினைந்து கிலோ. தரையிலிருந்து தூக்கி, இடது தோளில் வைத்து, ஜிம்முக்குள் சுவரிலிருந்து சுவருக்கு நடந்தேன். வாரம் இரண்டரை கிலோ ஏற்றினேன். மே மாதம் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். விமல்ராஜ் முதலில் சிரித்தான், பிறகு எனக்காகப் படியில் நின்றவர்களை விலகச் சொன்னான். மே கடைசியில் முப்பது கிலோவோடு சாலையில் இறங்கி ஒரு மைல் நடந்து திரும்பினேன். உரக்கடை ஆள், மூட்டை திருட்டுப் போகிறது என்று பின்னாலேயே வந்தார். அவர் வந்ததுகூட எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கவில்லை, மச்சான். தோள் என்னுடையதாக இருந்தது. சுமலதா அன்று ஒரு கோதுமை மூட்டையை மில்லில் தனியாக இறக்கிவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேரும் ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். (இதை டெய்சியிடம் சொல்ல வேண்டாம்.)

ஜூன் 13. காலையிலேயே சவரம் செய்து, துண்டை நாலாக மடித்து இடது தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். மாலைப் பூசை முடிந்து வெளியே வந்தால், சப்பரம் டிராக்டர் டிரெய்லரில் ஏறி நிற்கிறது. சுற்றிலும் சீரியல் லைட், பின்னால் ஜெனரேட்டர். தண்டுகளே இல்லை. கழற்றி வேலியோரம் போட்டிருந்தீர்கள். நான் உங்களிடம் வந்து, "மச்சான், இது இன்னா?" என்றேன்.

"இனிமே யாருக்கும் தோள்வலி வாணாம்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம் மாப்ளே. போன வருசம் நீ பட்ட பாட்டப் பாத்துதான் இந்த ஐடியாவே வந்துது."

அத்தோடு விட்டிருக்கலாம். மைக்கில் போய், இந்த நல்ல மாற்றத்துக்குக் காரணமான நம்மூர்க் காஸ்பருக்குக் கமிட்டி சார்பில் நன்றி என்றீர்கள். கை தட்டினார்கள். ராயம்மாள் பெரியம்மா மெழுகுவர்த்தியோடு எனக்காகக் காத்திருந்தார். ஒரு மைல் தூரம் அந்தோணியாருக்குப் பின்னால் டீசல் புகையைக் குடித்துக்கொண்டு நடந்தேன். சப்பரத்தைச் சுமக்கத் தெம்பு வந்த ஒரே வருடத்தில் சுமப்பதற்குச் சப்பரம் இல்லை. பெரியம்மா பாதி வழியில் கால் வலிக்கிறது என்றார். மீதி வழி அவரைத் தாங்கிக்கொண்டு வந்தேன். அவர் நாற்பது கிலோகூட இருக்க மாட்டார்.

ஆகவே கீழ்க்கண்டவாறு முடிவு செய்திருக்கிறேன். நேற்றுக் காலை ஜிம்முக்குப் போய் அட்டையைக் கழற்றி விமல்ராஜிடம் கொடுத்துவிட்டேன். மூட்டை மணலைக் கொட்டிவிட்டேன். இனி நான் ஒரு குடத்தைக்கூடத் தூக்கப்போவதில்லை. தங்கள் வீட்டு வாசலையும் என் ஆயுளில் மிதிக்கமாட்டேன். டெய்சி வருவாள், அவள் உங்கள் தங்கை, அதை நான் தடுக்க முடியாது. தங்கள் பேத்தி முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

வெரோனிகா அக்காவுக்கு என் வணக்கம். பேத்திக்கு என் ஆசீர்வாதம், அவள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடவும். தங்களுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். செய்ததை நினைத்துப் பார்க்க அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
ம. காஸ்பர்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வெரோனிகா அக்கா போன் செய்தார். திருநாளுக்கு மறுநாளே டிரெய்லரில் ஏறி சீரியல் லைட்டைக் கழற்றும்போது கீழே விழுந்தீர்களாமே, டெய்சி பதறுவாள் என்று எங்களிடம் மறைத்தாராம். தொடை எலும்பில் கம்பி வைத்து நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு யாராவது தூக்கி வைக்க வேண்டுமாம். கிறிஸ்டோபருக்கு லீவு கிடைக்கவில்லை என்று அக்கா அழுதார். உங்கள் எடையைக் கேட்டேன். எழுபத்தெட்டு. உடனே ஜிம்முக்குப் போய், "ஒரு ஆளத் தூக்கணும், எப்படின்னு சொல்லிக்குடு" என்றேன். விமல்ராஜ் கதவைச் சாத்திவிட்டு வந்து, "சார், அந்த மாதிரி வேலையெல்லாம் நம்ம ஜிம்முல பண்றதில்ல" என்றான். விளக்கிச் சொன்னதும் அவனே ஜிம் பெஞ்சில் படுத்துக் காட்டினான், எட்டுத் தடவை அவனைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆறு வாரமும் இருப்பேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டு வருகிறேன். உங்களால் எழுந்து போக முடியாது என்பதால் முதல் வரியிலிருந்து உரக்கப் படித்துக் காட்டுவேன். அதுவரை தாங்களாக எழுந்திருக்க முயற்சி செய்ய வேண்டாம்.