கத்திரிப்பூக் கோட்டும் மஞ்சள் புடவையும்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், 14-10-1948

கனம் பொருந்திய மைத்துனர் பிலிப் அவர்களுக்கு ராஜநாயகம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை லூயிசாவும் மகள் நோராவும் தேவ கிருபையால் சுகம். அதாவது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சுகம்.

அன்றைக்கு நம் கோவில் பள்ளி மண்டபத்தில், ஒரு வெள்ளைக்காரர் ஈஸ்டர் சமயம் பட்டணத்தைச் சுற்றிப் பிடித்த கலர் படம் போட்டார்கள். சினிமாக் கொட்டகையில் கால் வைக்காதவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. அறிவு விருத்திக்கான படம் என்று சாமியார் சொன்னதால் போனேன். திரையில் பாலம் வந்ததும், "அடையாறு!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினேன். தெரு வந்தது, "மந்தைவெளி!" என்றேன். பக்கத்து வீட்டு மெஹபூப் அலி, "இன்னா சார், சந்து பொந்தெல்லாம் தெரிஞ்சி வச்சிக்கினு கீறீங்களே!" என்று மலைத்துப் போனார். உச்சி குளிர்ந்துபோய் லஸ் முனையை விளக்கிக்கொண்டிருக்கிறேன், மச்சான், அங்கே வந்தது ஒரு கத்திரிப்பூ நிறக் கோட்டு! நோராவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை லியோனார்டுக்கு, தை மாசம் நிச்சயத்தன்று போட நானே துணி எடுத்துத் தைத்துக் கொடுத்த கோட்டு! பட்டணத்தில் அந்த நிறத்தில் இன்னொன்று கிடையாது. கறுப்பு வெள்ளைப் படமாயிருந்தால் பயல் தப்பியிருப்பான். பக்கத்திலே ஒரு மஞ்சள் புடவை. முகத்தைக் குடை மறைக்குது. ரெண்டும் சிரிச்சிக்கிட்டே ஒரே ரிக்‌ஷாவிலே ஏறுதுங்க மச்சான்! நான் பெஞ்சு மேல் ஏறி, "எவ அந்தச் சிறுக்கி?" என்று போட்ட சத்தத்தில் படமே நின்றுவிட்டது. லூயிசாவுக்கு அதிர்ச்சியில் இருமல் வந்து, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாள் பயலைக் கூப்பிட்டுக் கேட்டால், "அது யாருன்னு சொல்லமாட்டேன் மாமா, சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்கிறான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! அடுத்த மாசம் கல்யாணம். நோரா அழுவாள் என்று பார்த்தால், அம்மாவும் பெண்ணும் சமையலறையில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாயிருக்கிறது. ஆகையால் தாங்கள் இது கண்டவுடன், அங்கே திருச்சியிலேயே இருக்கும் அவன் தகப்பனாரிடம் போய், சம்பந்தம் முறிந்தது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடவும்.

பெரியவர்களுக்கு என் வந்தனம். பிள்ளைகளைத் தேவமாதா காப்பாளாக.

தங்கள் அன்புள்ள,
ராஜநாயகம்

பி.கு: அண்ணா, லூயிசா எழுதுகிறேன். தபாலில் சேர்க்கச் சொல்லி இதை என்னிடம்தான் கொடுத்தார். நீ யாரிடமும் போக வேண்டாம். அந்தச் சிறுக்கி நான்தான். இவர் எந்தக் காலத்திலும் கூட்டிப்போக மாட்டார் என்று மாப்பிள்ளைதான் என்னை மாட்னி ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். புடவையும் இவர் எடுத்துக் கொடுத்ததுதான். இப்போதுதான் இவரிடம் சொன்னேன். மோட்டுவளையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்கிறார்: "படம் நல்லாயிருந்துதா?"