எண்பத்தைந்து விழுக்காடு காலி

அன்புள்ள லிங்கேஸ்வரன் மாமாவுக்கு, ரூபினி வணக்கத்துடன் எழுதுவது. திரிங்காப்பில் அத்தையும் பிள்ளைகளும் சுகமா? நாங்கள் இங்கே சுகம். ஆனால் லிஸ்டின்படி நாங்கள் இங்கே இல்லை. போனில் பேசினால் எனக்கு வார்த்தை வராது, அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை எங்கள் படியில் ஒரு சிவப்புச் சொட்டு காயாமல் கிடந்தது. நிமிர்ந்தால் கதவில் பெரிய பெருக்கல் குறி. குறி போட்ட வீடுகளைச் சனிக்கிழமை இயந்திரம் வந்து இடிக்குமாம். நம் தோட்டத்து லயத்தில் வரிசையாக நாற்பது வீடு, அதில் அறுபது விழுக்காடு காலி, மிச்சமிருக்கும் பதினாறில் இருபத்தைந்து விழுக்காடு, அதாவது நான்கு குடும்பம், இந்த வாரம் கிளம்புகிறது. நாங்களும் சேர்த்துப் பன்னிரண்டு குடும்பம் தங்கும். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் முருகையா கிராணியோ இரண்டு விழுக்காட்டையும் அப்படியே கூட்டி முப்பத்துநான்கு கதவில் குறி போட்டுவிட்டார். அப்பா என்னை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அறுபதும் இருபத்தஞ்சும் எம்பத்தஞ்சு லா. இதுல என்ன தப்பு?"

"அந்த இருபத்தஞ்சு, மிச்ச வீட்டுலதான் ஐயா," என்றேன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று.

"படிவம் ரெண்டோட பள்ளிக்கூடத்த விட்டு நின்ன பிள்ள எனக்குக் கணக்கு சொல்லுதா? சாம்பசிவம், லிஸ்டுல நீ போயாச்சு."

"உங்க முன்னாலதானே நிக்கிறேன்?" என்றார் அப்பா.

"நில்லு. யாரு வேணாம்னா?"

அன்றிலிருந்து ரொட்டிக்காரர் எங்கள் வாசலில் ஹார்ன் அடிப்பதில்லை. அப்பா கை காட்டினாலும் பனிமூட்டத்தைப் பார்ப்பதுபோல் அவரைத் தாண்டிப் பார்த்துவிட்டு மோட்டாரை முறுக்குகிறார். நேற்று பக்கத்து வீட்டு வேலம்மா அக்கா எங்கள் கொடியில் தன் துணியைக் காயப்போட்டார். அம்மா கேட்டதற்கு, "ஐயோ, நீங்க இருக்கீங்களா?" என்றார். விளையாட்டாகச் சொன்ன முகமாக இல்லை மாமா. வெள்ளிக்கிழமை லோரியோடு வந்து எங்களை ஏற்றிக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் முருகன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரூபினி

பி.கு.: லோரி வேண்டாம் மாமா. தோட்டத்து மேனேஜர் துரையே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். ஆறு வீட்டுக் குறியை அழிக்கச் சொல்லி, என் கையிலேயே மண்ணெண்ணெயும் துணியும் கொடுத்தார்கள். ஐந்தை அழித்துவிட்டேன். ஆறாவது எந்த வீடென்று யாருக்கும் தெரியவில்லை. தங்குகிறவர்களைப் பெயர் சொல்லி எண்ணினால் பதினோரு குடும்பம்தான் வருகிறது. கிராணியின் கணக்கு அப்படித்தான் என்று அப்பா சிரிக்கிறார். மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பத்தொன்பதாம் வீட்டைத் தாண்டி வந்தபோது, உள்ளே யாரோ அரிசி களையும் சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லை. அந்தக் கதவில் இருந்த குறியையும் துடைத்தேன்.