டிவிக்குள்ளே உட்கார்ந்துவிட்ட குழந்தை

மண்ணூர்,
24-11-91

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மைத்துனன் சிரஞ்சீவி அண்ணாதுரைக்கு, அக்கா புருஷன் பாண்டுரங்கன் ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உன் அக்கா செங்கமலமும், அம்மா இல்லாத பெண் என்று நீ எங்களிடம் விட்டுப்போன உன் மகள் ஜோதியும், எருமையும் பரம சௌக்கியம் என்று எழுதும்படி உன் அக்கா சொன்னாள். அவ்வண்ணமே எழுதிவிட்டேன்.

நிற்க. ஜோதிக்கென்று தீபாவளிக்கு நீ ஆள் மூலம் கொடுத்தனுப்பிய டிவி கேம் பெட்டியும் கேசட்டும் கிடைத்தன. கேசட்டின் மேல் ஜப்பான் எழுத்தா சீன எழுத்தா, ஏதோ கோழி கிளறினாற்போல் எழுதியிருந்தது. ஜோதி அதைத் தொடவே இல்லை. வந்த சாமானைச் சும்மா வைப்பானேன் என்று நானே போட்டேன். ஓர் ஆள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறான், மேலிருந்து வெள்ளையாக ஏதோ கொட்டுகிறது, பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் அதைச் சுண்ணாம்பு என்றாள், பனி என்று ஜோதிதான் சொன்னாள். கொஞ்ச தூரத்தில் ஓர் ஆறு. அதன் கரையில் குழந்தை உட்கார்ந்துவிடுகிறது. எந்த பட்டனை அமுக்கினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஆள் மட்டும் தாண்டினால்தான் ஆட்டம் மேலே போகும். சரி என்று தாண்டினேன். அது திரும்பி என்னைப் பார்த்தது அண்ணாதுரை. மூக்கு முழி கூட இல்லாத இத்தனூண்டு உருவம், பார்த்தது. எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்ததால் கண்ணில் தண்ணி வந்தது.

அப்புறம் கிளியம்மாள் ஆடினாள், அரிசி மாவு கடன் வாங்க வந்தவள் மாவை மறந்துட்டு முந்தானையை வாயில வெச்சிகினு போனாள். எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் டில்லிபாபு, ஸ்டிரைக்கில் மண்டை உடைந்தபோதே கண் கலங்காதவன், சின்னப் பசங்க ஆட்டம்தானேன்னு சிரிச்சிகினே உக்காந்தான், எழுந்து போறப்போ பைக்கை ஸ்டார்ட் பண்ண மறந்துட்டு ரோடு வரைக்கும் தள்ளிகினே போனான். இதெல்லாம் கூட பரவாயில்ல. மறுநாள் போட்டா ஆத்தங்கரையில வெள்ளை வெள்ளையா மேடு. முன்னே அது இல்ல. எத்தனை பேர் குழந்தையை விட்டுட்டுத் தாண்டினாங்களோ அத்தனை மேடு. கிளியம்மாள் ஒண்ணைக் காட்டி, இது நான் விட்டதுன்னு சொல்லிட்டு டிவிக்குக் கற்பூரம் கொளுத்தினாள். ஸ்ரீபெரும்புதூர்ல ரேடியோ ரிப்பேர் பண்ற ராஜசேகர் கிட்ட பெட்டியைத் தூக்கிகினு போனேன். கரண்டை நிறுத்தினா எல்லாம் அழிஞ்சிடும், நேத்து நடந்தது அதுக்கு ஞாபகம் இருக்காதுன்னு அடிச்சி சொன்னான். சொல்லிட்டு ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தான். காசு வாங்காம பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டான்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், நல்ல மழை. எல்லாரும் வூட்ல இருந்தோம், கிளியம்மாளும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடாம ஜோதி வந்து உக்காந்தா. ஆளைக் கரை வரைக்கும் கொண்டாந்தா. குழந்தை உக்காந்துச்சி. தாண்டும்மான்னு கிளியம்மாள் சொன்னாள். ஜோதி கையில இருந்த பட்டன் கட்டையைத் தரையில வெச்சிட்டா.

“அவரு போவ மாட்டாரு,” என்றாள்.

நாங்கள் பார்த்துகினே இருக்கோம், அந்த ஆளும் குழந்தை பக்கத்துல உக்காந்துட்டான். அவனுக்கு உக்காரத் தெரியும்னு எங்களுக்கு அதுவரைக்கும் தெரியாது. பனி ரெண்டு பேரையும் மூடிச்சி. உன் அக்கா என் கையைப் பிடிச்சிகினா. அப்போ மேடெல்லாம் அசைஞ்சது அண்ணாதுரை. ஒண்ணொண்ணுலேருந்தும் ஒரு குழந்தை எழுந்துச்சி. எழுந்து வந்து அந்த ரெண்டு பேரையும் சுத்தி நின்னு பனியைத் தள்ளிச்சிங்க. அப்புறம் எல்லாருமா சேர்ந்து வந்த வழியே திரும்பிப் போயிட்டாங்க. சத்தமே இல்ல, வெளியே மழைச் சத்தம்தான். அதிலேருந்து எப்போ போட்டாலும் ஆறும் பனியும்தான் கீது. எந்த பட்டனை அமுக்கினாலும் ஒருத்தரும் வரல.

ஜோதி மட்டும் அழவில்லை. எழுந்து போய்ப் பாடம் படித்தாள். ஆகையால் நீ விசனப்பட ஒன்றுமில்லை. பெண் கெட்டி. காண்ட்ராக்டை மேற்கொண்டு நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய், தாராளமாகச் செய். இந்தக் கேசட்டைக் கொடுத்த கடைக்காரனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அடுத்த முறை கார் ஓட்டுகிற ஆட்டமாகப் பார்த்து அனுப்பு. தீர்க்காயுசாக இரு, வேளைக்குச் சாப்பிடு, உன் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
பாண்டுரங்கன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது இதை எழுதறேன். மேலே எழுதினது எதையும் கணக்கில வெச்சிக்காதே. ஜோதி இப்போ அழுதா. டிவி முன்னால இல்ல, சோறு தின்னுகினு இருக்கும்போது. என்னம்மான்னு உன் அக்கா கேட்டதுக்கு, “அப்பா மூஞ்சி எனக்கு ஞாபகம் வரல அத்தை,” என்றாள். காண்ட்ராக்டும் வேணாம், காரும் வேணாம். போட்டோ அனுப்பறேன்னு மட்டும் பதில் எழுதிடாதே. கிளம்பி வா.