சொல்லாமல் போகிறவர்கள்

கரவெட்டி,
ஐப்பசி 12.

பாசமுள்ள கேதீஸ்வரி அக்காவுக்கு,

தம்பி முத்துக்குமாரு எழுதுவது. மானிப்பாயில் உங்கள் முழங்கால் வலி குறைய முருகனை வேண்டுகிறேன். இங்கே குடலில் புற்றுநோய் இருப்பதைத் தவிர, மற்றபடி நான் சுகம்.

எழுபத்தொன்பது வயதுக் கிழவனுக்கு மருந்து ஏற்றலாமா என்று எல்லாரும் தலையைச் சொறிய, டொக்டர் சிவகௌரி என்ற பிள்ளை, "வயசைப் பாத்து இல்லை ஐயா, ஆளைப் பாத்துத்தான் முடிவெடுப்பம்" என்று புதன்கிழமை முழுக்க என்னைச் சோதித்தது. கையூன்றாமல் கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பினேன். நடக்கவைத்து நேரம் பார்த்தது. தாளில் மணிக்கூடு கீறச் சொன்னது. முள்ளும் போட்டு, எங்கள் தபால் கந்தோர் மணிக்கூட்டின் கம்பனிப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். மூன்று சொல் சொல்லி, பிறகு கேட்டது, மூன்றையும் சொன்னேன். ஞாபகசக்தி தன்னைவிடத் திறமாம். திங்கட்கிழமை முதல் ஊசி, அளவு குறைத்து.

ஆனால் அக்கா, விடைபெறாமல் எழும்பிப் போவது செத்தவீட்டில்தானே? இங்கே வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைக்கிறார்கள், என் மனுசி பத்மாசினி கொடுக்கும் தேத்தண்ணியைக் குடிக்கிறார்கள், நான் ஒருக்கால் இருமி நிமிர்ந்தால் கதிரை வெறுமையாக இருக்கிறது. வாசல் படலை திறக்கிற சத்தம்கூடக் கேட்பதில்லை. ஒருவரும் "போட்டு வாறன்" என்று விடைபெறுவதில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் நடையைக் கூட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கிருஷாந், என் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் தெளிவாக வருமா என்று பத்மாசினியிடம் விசாரித்தானாம். உயிரோடு இருக்கிறவனை இப்படியா நடத்துவது? போன கிழமை நீங்களும் சொல்லாமல்தான் போனீர்கள். அதுதான் எனக்குக் கூடுதலாக நொந்தது.

என் பருத்தித்துறைக் கூட்டாளி யாகோப்பு ஒருவன்தான் மனிதன். நேற்று மத்தியானம் வந்து பக்கத்தில் இருந்தான். சட்டையெல்லாம் ஈரம். தேத்தண்ணி வேண்டாம் என்றான். எழும்பும்போது தோளில் கைவைத்து, "முத்துக்குமாரு, போட்டு வாறன். திங்கட்கிழமை நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த தரம் நீங்களும் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். மருமக்களுக்கு என் ஆசிகள்.

உங்கள் தம்பி,
முத்துக்குமாரு

பி.கு: கடிதத்தை ஒட்டமுதல் பத்மாசினிக்கு வாசித்துக் காட்டினேன். யாகோப்பு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "என்னப்பா கதைக்கிறியள்? யாகோப்பு அண்ணை மாசியிலை கடலிலை செத்தவரெல்லே. செத்தவீட்டுக்கு ரெண்டுபேரும்தானே போனனாங்கள்."

ஓம், போனோம். சொல்லாமல்தான் எழும்பி வந்தோம். டொக்டர் பிள்ளையிடம் இதைச் சொன்னால், ஞாபகம் பிழை என்று ஊசியை நிறுத்திவிடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ஊசியன்று அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போக வருவான். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. ஞாயிற்றுக்கிழமையே வந்து எங்களோடு நில்லுங்கள்.