சந்தனத்தில் சிக்கிய பட்டன்

வசந்தாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில். மூக்கில் குழாய். எங்கள் மகள் கலைக்குக் குழந்தை பிறந்து அப்போது மூன்று மாதம்.

"பாப்பாவுக்கு முருகன் மலையில மொட்ட போட்டு காது குத்துவாங்க இல்ல, அப்ப நம்ம பாட்ட வாசி. நம்ம பசங்க ரெண்டும் அன்னிக்கு அத கேட்டுதான் அடங்கி ஒக்காந்துச்சிங்க" என்றாள்.

"சரி."

"அந்த ஒரு எடத்துல சொரத்த முழுங்காத."

"நான் எங்க முழுங்கறேன்? அந்த சொரம் மவுத் ஆர்கன்லயே கெடையாது."

"கெடையாதுன்னா, இருக்கறத வாங்கு."

நேரம் முடிந்தது, வெளியே போங்கள் என்று நர்சு சொன்னார். மறுநாள் காலை நான் போவதற்குள் வசந்தா போய்விட்டாள். என்னிடம் ஒரு பதில் இருந்தது. சொல்ல இடம் இல்லாமல் போயிற்று.

பாட்டு என்றால் பெரிய பாட்டு இல்லை. வசந்தாவின் பிறந்த வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைக்க முனகும் தாலாட்டு. நாலு வரி, வார்த்தை கிடையாது. அதன் மூன்றாவது வரியில், ரி-க்கும் க-வுக்கும் நடுவில் ஒரு சுரம் வரும்.

நான் அரக்கோணம் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். சட்டைப் பையில் ஒரு பக்கம் விசில், மறு பக்கம் பத்து ஓட்டை மவுத் ஆர்கன். இரண்டையும் யாரும் சொல்லித் தரவில்லை. பத்து ஓட்டையில் இடைச் சுரங்கள் இருக்காது. மூச்சை வளைத்து உறிஞ்சினால் சிலது வரும். இது வளைத்தாலும் வராது. அதனால் அந்த இடம் வந்தால் ஒரு தாளம் சும்மா இருப்பேன். சமையலறையிலிருந்து "ம்ம்" என்று வசந்தா அதைப் போட்டுவிடுவாள். அது ஒத்தாசையா, குத்தலா என்று நான் கேட்டதில்லை.

காரியம் முடிந்த மறு வாரம், இருக்கிறதை வாங்கினேன்.

அதற்குப் பெயர் குரோமாட்டிக். பன்னிரண்டு ஓட்டை. வலது ஓரத்தில் ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் எல்லாச் சுரமும் அரைக் கட்டை மேலே போகும். விட்டால் இறங்கும். ரி வருகிற ஓட்டையில் உறிஞ்சிக்கொண்டே பட்டனை அழுத்தினால் வசந்தா கேட்ட சுரம். அவ்வளவுதான்.

இதை இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதியபோது, "நாப்பது வருஷமா வாசிக்கிறீங்க, ஒங்களுக்கு ஒரு வாரம் போதும் சார்" என்று நிறையப் பேர் எழுதினீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஒன்றும் தெரியாதவனுக்கு ஒரு வாரம் போதுமாக இருக்கலாம். எனக்கு நாற்பது வருஷப் பழக்கம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

பழையதை வாசிக்கும்போது வலது கையைத் திறந்து மூடி விசிறுவேன். சத்தம் அழகாக அலையும். புதியதிலும் கை தானாக விசிறியது. பட்டனில் இருந்த விரல் கூடவே போய்ப் போய் வந்தது. தாலாட்டுக்கு விக்கல் எடுத்தது.

மூச்சை வளைத்தேன். இங்கே வளைக்க ஒன்றும் இல்லை என்பதுபோல வாத்தியம் ஒரு சத்தம் கொடுத்தது. மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா சார், கன்னுக்குட்டி வாங்கிகினு வந்தியா?" என்றார்.

நாலாவது ஓட்டையில் ஊதினால் ஸ. ஐந்தாவதில் ஊதினாலும் அதே ஸ. ஒரே ஸ்டாப்பிங்குக்கு எதற்கு இரண்டு தரம் நிறுத்துகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றில் இறங்க மறந்து அடுத்த ஊருக்குப் போய்விடுவேன்.

வசந்தாவின் அக்கா சரோஜாக்கா அம்மையார்குப்பத்திலிருந்து போன் செய்தார். பின்னால் தறிச் சத்தம். நான் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, பெருமையாக நாலு வரியையும் வாசித்துக் காட்டினேன்.

தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கண்டக்டரே, இளைப்பு எத்தினி நாளா கீது?"

"இளைப்பு இல்லக்கா, அது பாட்டு."

"ஆங், பாட்டா. எதுக்கும் ஒரு டாக்டர பாத்துடு."

எட்டு மாதம் ஆயிற்று. கடைசி மாதத்தில் அந்தச் சுரம் பத்துக்கு ஒன்பது தடவை வந்தது. மொட்டைக்கு நாள் குறித்தார்கள்.

செல்போனில் எனக்கு ஒரு தாடிக்கார வாத்தியார் உண்டு. நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. அவர் சொன்ன பத்தியங்கள்: இனிப்பு தின்றுவிட்டு ஊதாதே, வாய் கொப்பளிக்காமல் ஊதாதே, குளிரில் ஊதாதே, உள்ளே இருக்கிற சின்ன மூடிகள் ஒட்டிக்கொள்ளும், முதலில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்.

அன்றைக்கு அத்தனையும் கடைப்பிடித்தேன். விடியற்காலைக் குளிரில், வாத்தியத்தைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைக்குள்ளே இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு மலை ஏறினேன்.

சரோஜாக்கா என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கைய ஏன் கோழி ரெக்க மாதிரி வெச்சிகினு நடக்கற?"

"வாத்தியம் சூடாவணும்க்கா."

"அடகாக்கறியா? எத்தினி நாள்ல பொரிக்கும்?"

யாரோ பஞ்சாமிர்தம் நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். முருகன் பிரசாதத்தை வேண்டாம் என்ற முதல் ஆள் என்று சரோஜாக்கா என்னை நாலு பேருக்குக் காட்டினார்.

மொட்டை மண்டபத்தில் என் மகன் முரளி தாய்மாமன் முறைக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் வாத்தியத்தை வெளியே எடுத்தேன். கலை ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"நைனா, வாசிக்காதீங்க. தூங்குது."

மொட்டை போடுகிறவர் கடைசி மயிரை வழிக்கும்வரை குழந்தை தூங்கியது. எட்டு மாதம் பழகியது அதன் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பதற்கு என்று ஆயிற்று. வாத்தியத்தை மறுபடி அக்குளில் வைத்தேன்.

வெந்நீர் ஊற்றினார்கள். விழித்தது, சிரித்தது. கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வந்தது.

"தாத்தா மொதல்ல பூசட்டும்" என்றார்கள்.

பூசினேன். அந்தச் சின்னத் தலை உள்ளங்கைக்குள் அடங்கியது. வசந்தா இருந்தால் அவள்தான் பூசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே, அவள் பங்குக்கும் ஒரு தடவை பூசினேன். கையை வேட்டியில் துடைத்தேன். துடைத்ததாகத்தான் நினைத்தேன்.

காது குத்துகிற ஆசாரி வந்தார். கம்பியைப் பார்த்ததும் குழந்தைக்கு விஷயம் விளங்கிவிட்டது. மலை முழுக்கக் கேட்கும்படி அழுதது. முரளி தலையைப் பிடித்தான். சந்தனத் தலை, வழுக்கியது.

"இப்படி ஆட்னா ஒரு ஓட்ட மேல ஒரு ஓட்ட கீழ வந்துடும். அப்புறம் என்ன ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார் ஆசாரி.

கலைக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் குழந்தை, காலத்துக்கும் கம்மல் போடுகிற காது.

"நைனா, இப்ப வாசிங்க."

வாசித்தேன். முதல் வரியிலேயே குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தது. இரண்டாவது வரி. மூன்றாவது வரி. ரி-யில் உறிஞ்சினேன், பட்டனை அழுத்தினேன். வந்தது. கல்யாணமானதிலிருந்து முப்பத்தாறு வருஷம் முழுங்கிய சுரம், முழுசாக, சுத்தமாக.

விரலை எடுத்தேன். பட்டன் வரவில்லை.

வேட்டியில் துடைத்தது போக மீதிச் சந்தனம் என் ஆள்காட்டி விரலில் இருந்து, பட்டனோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. தாடிக்காரர் இனிப்பைச் சொன்னார், குளிரைச் சொன்னார். சந்தனத்தைச் சொல்லவில்லை. அவர் ஊரில் மொட்டைத் தலைக்குப் பூச மாட்டார்கள்போல.

மூன்று வரி தரையில் வாசித்தேன். நாலாவது வரி மொட்டைமாடியில் கேட்டது. குழந்தையின் உதடு பிதுங்கியது.

"நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்றார் ஆசாரி. கம்பி காதுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது.

வேறு வழியில்லை. முதலிலிருந்து எடுத்தேன், எல்லாமே அரைக் கட்டை மேலே. பாட்டு சரியாகத்தான் போயிற்று. குழந்தை அடங்கியது. மூன்றாவது வரிக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டன் மாட்டிக்கொண்டால் இது குரோமாட்டிக் இல்லை. இடைச் சுரம் இல்லாத என் பழைய மவுத் ஆர்கன்தான். எட்டு மாதம் மூச்சு வாங்கி, அரைக் கட்டை ஏறி, அதே பள்ளத்தின் முன்னால் வந்து நிற்கிறேன்.

அந்த இடம் வந்தது. ஒரு தாளம் சும்மா இருந்தேன்.

"ம்ம்."

கலை போட்டாள். முரளியும் போட்டான். கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த சரோஜாக்காவும் போட்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முரளியின் நெஞ்சில் சாய்ந்திருந்த குழந்தை, அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அசையாமல் யோசித்தது. ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார். வலி தெரிந்து அழுவதற்குள் நான் நாலாவது வரியைத் தாண்டி மறுபடி முதல் வரிக்கு வந்துவிட்டேன். அடுத்த "ம்ம்"முக்கு இன்னொரு காது. அப்புறம் அழுதது. அழட்டும். ஓட்டை இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

சாப்பாட்டுப் பந்தியில் கலை என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொத தடவ வாசிச்சப்ப அந்த எடத்துல ஏதோ சத்தம் வந்துச்சே, ஏன் நைனா?"

"அதாம்மா அந்த சொரம்."

"எந்த சொரம்?"

"நான் முழுங்கறேன்னு ஒங்க அம்மா சொல்லுவாளே."

"அது அம்மா போடறது இல்ல?" என்றாள்.

எதிர் இலையிலிருந்து சரோஜாக்கா நிமிர்ந்தார்.

"அது எங்க வூட்டு ஸ்டாப்பிங் கண்டக்டரே. நீ ஏன் அங்க விசிலடிக்கற?"

நான் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஓரத்தில் இருக்கிற இரண்டு திருகாணியைக் கழற்றினால் ஐந்து நிமிஷத்தில் சுத்தம் செய்துவிடலாம் என்று தாடிக்காரர் ஒரு வீடியோவில் சொல்கிறார். திருப்புளி மேசை மேலேதான் கிடக்கிறது.

சந்தனம் காய்ந்துவிட்டது. பட்டன் உள்ளேயே இருக்கிறது.